நல்ல நாள் பார்த்த அந்தோணிசாமி

போன மாதம் கவிதா போன் செய்தாள். பினாங்கு பிஷப் ஸ்திரீட்டில் நான் முப்பத்துநாலு வருடம் குமாஸ்தாவாக, எங்கள் பேச்சில் கிராணியாக, இருந்த லாயர் ஆபீஸில் இப்போது அவள் ஒரு லாயர். "அங்கிள், புதுசா மூணு கிளார்க் எடுத்திருக்கோம். எதிர்த்தரப்புலேர்ந்து செட்டில்மெண்ட் ஆஃபர் லெட்டர் வந்தா என்ன செய்யணும், கிளையண்ட்கிட்ட எப்படிச் சொல்லணும்னு ஒன்னும் தெரியல. நீங்க நாலு பக்கம் எழுதிக் குடுங்க லா. அந்த நல்ல நாள் பாத்த அந்தோணிசாமி கதைய மறக்காமப் போடுங்க" என்றாள்.

சரி என்றேன். ஓய்வுபெற்றவனுக்கு வேறு என்ன வேலை? ஆனால் இந்தக் காலத்துக் கிராணிக்கு எதற்கு என் புத்திமதி என்றுதான் புரியவில்லை. இப்போது எந்த வழக்கைப் போட்டாலும் முதலில் மத்தியஸ்தம் என்கிறார்கள். ஏர்கண்டிஷன் அறை, தட்டில் பிஸ்கட், நடுவில் சிரித்த முகத்தோடு ஒருவர். இரண்டு தரப்புக்கும் வெற்றி என்று சொல்லிக் கைகுலுக்க வைக்கிறார். வெளியே வந்ததும் இரண்டு தரப்பும் அவரவர் லாயரைப் பார்த்து முறைக்கிறது. இதற்கு ஒரு மரியாதையான பெயர் வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

நான் படித்த படிப்பைச் சொல்லி நேரத்தை வீணாக்க மாட்டேன். பள்ளிக்கூடம் முடித்த கையோடு சேர்ந்தேன். மூன்று வருடம் ஃபைலில் ஓட்டை போட்டேன், முத்திரை குத்தினேன், பெர்ரி ஏறிப் பட்டர்வொர்த் கோர்ட்டுக்குக் கட்டுக் கட்டாகக் காகிதம் சுமந்தேன். நாலாவது வருடம் எனக்கே ஒரு மேசை கிடைத்தது. அன்றிலிருந்து எல்லாம் தெரிந்தவனாகிவிட்டேன்.

எங்கள் பாஸ் கனகசபை. சனிக்கிழமை அரை நாள் வேலைக்கும் கறுப்பு டை கட்டி வருகிற ஆள். குரலை உயர்த்தியதே இல்லை. உயர்த்தாமலே மனுஷனைக் கூசிப்போக வைப்பார். எந்தக் கடிதம் மேசைக்கு வந்தாலும் படிப்பதற்கு முன்னால் அதன் தேதியின் மேல் ஆள்காட்டி விரலை வைத்துக்கொண்டு சற்று நேரம் சும்மா இருப்பார். பிறகுதான் கீழே பார்வை போகும். நான் வரவு முத்திரை குத்திய தேதியை அவர் திரும்பியும் பார்க்க மாட்டார். "மணி, லெட்டர் தேதிதான் தேதி. உன் சாப்பு நம்ம வசதிக்கு" என்பார். எனக்கு எரியும். ஒரு நாள் தவறாமல், கோணல் இல்லாமல் குத்திய முத்திரைக்கு இவ்வளவுதான் மதிப்பா என்று தோன்றும்.

இப்படித் தேதியில் புலியாக இருந்தவர், ஆஃபர் என்றால் மட்டும் ஒதுங்கிக்கொள்வார். ஜெயித்த செய்தியைக் கட்சிக்காரருக்கு அவரே போனில் சொல்வார், சிரித்துச் சிரித்து. எதிர்த்தரப்பு இவ்வளவு தருகிறேன், வழக்கை முடித்துக்கொள்ளலாம் என்று எழுதினால், அந்தக் கடிதத்தை ஈரத் துணியைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலால் பிடித்து என்னிடம் நீட்டுவார். "நீயே சொல்லிடு மணி. தமிழ்ல நல்லா விளக்கு." ஏன் தெரியுமா? முடித்துக்கொள்ளுங்கள் என்று லாயர் சொன்னால், எதிரியிடம் காசு வாங்கிவிட்டான் என்பார்கள். சண்டை போடுங்கள் என்று சொன்னால், பீஸுக்கு அலைகிறான் என்பார்கள். கிராணி சொன்னால் யார் தலையும் உருளாது. பெரிய மனிதர்களின் தந்திரம் இது.

புதிய கிராணிகளே, இதைக் கவனியுங்கள். அந்த மாதிரிக் கடிதத்தின் தலையில் ஒரு வரி இருக்கும். வழக்கு நடக்கும்போது இதை நீதிபதியிடம் காட்டக் கூடாது, தீர்ப்புக்குப் பிறகு செலவை யார் தருவது என்று பேசும்போது மட்டும் காட்டலாம் என்று பொருள். அதனால் அதைக் கோர்ட்டுக் கட்டில் சேர்க்கவே கூடாது. பழுப்பு உறையில் போட்டு ஃபைலின் பின்னட்டையில் தனியாகக் குத்தி வையுங்கள். கட்சிக்காரரிடம் நான் சொல்கிற வாசகம் இதுதான்: "இந்தக் காச வேணாம்னா, கடைசியில இதவிடக் கூட ஜெயிக்கணும். கொறச்சு ஜெயிச்சீங்கன்னா, இந்த லெட்டர் தேதியிலேர்ந்து அவங்க லாயர் செலவு உங்க தலையில வந்து விழலாம்."

எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! காதில் வாங்கினவர்களை விரல் விட்டு எண்ணலாம். நிபோங் திபாலிலிருந்து ஒருவர் வந்தார். அண்ணன் தம்பி செம்பனைத் தோட்டச் சண்டை. கேட்டதில் முக்கால் பங்கு தருவதாக எதிரி எழுதியிருந்தார். "அதுல மன்னிப்புன்னு ஒரு வார்த்த இருக்கா, பாருங்க" என்றார். இல்லை என்றேன். "அப்ப வேணாம்." ஆறு வருடம் இழுத்தார். கடைசியில் மன்னிப்பும் வரவில்லை, தோட்டமும் வரவில்லை. மானம், மானம் என்று மார் தட்டுகிறவர்களைப் பார்த்தாலே எனக்கு வாய் கசக்கும்.

என் மேசைக்குப் பின்னால் சுவரில் இரண்டு நாட்காட்டிகள் தொங்கின. ஒன்று சீனர்களுடையது, சிவப்பு எழுத்தில் இன்று எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று போட்டிருக்கும். இன்னொன்று நம்முடையது, ராகு காலம், எமகண்டம், திதி எல்லாம் இருக்கிற தினசரித் தாள். பினாங்கில் சீனக் கட்சிக்காரரும் நாள் பார்ப்பார், தமிழ்க் கட்சிக்காரரும் நாள் பார்ப்பார். அஷ்டமி நவமியில் எங்கள் ஆபீஸில் சமரசக் கையெழுத்து வாங்குவதில்லை. யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை, எனக்கு முன்னால் இருந்த கிராணி அப்படிச் செய்தார், நானும் செய்தேன். பாஸ் இதைப் பார்த்துப் புன்னகைப்பார், தடுக்க மாட்டார். கட்சிக்காரர்கள் என்னை மெச்சினார்கள். மணி அண்ணன் நாள் பார்த்துத் தந்தால் நல்லபடி நடக்கும் என்று ஒரு பேர். அந்தப் பேர் எனக்கு இனித்தது, ஒளிப்பானேன்.

இனி அந்தோணிசாமி.

பட்டர்வொர்த் பக்கம் பாகான் டாலாமில் ஒட்டு வீடுகள். இவர் வீட்டுச் சுவரும் பக்கத்து வீட்டுச் சுவரும் ஒன்றே. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர், இ.பி.எஃப். பணத்தில் கடனை அடைத்து முடித்த வீடு. அவருக்கென்று இருந்தது அது ஒன்றுதான். பக்கத்து வீட்டு லெட்சுமணன் ஜுருவில் காருக்கு அலங்காரச் சாமான் விற்கிற கடைக்காரர், கையில் காசு புரண்ட நேரம், மாடி எழுப்பினார். தூண் குத்திய வாரத்தில் அந்தோணிசாமியின் சமையல்கட்டுச் சுவர் பிளந்தது. தரை ஒரு பக்கம் இறங்கியது. அவர் மனைவி பிலோமினாவுக்கு முழங்கால் வலி, அந்தச் சரிந்த தரையில் நின்று சமைக்க முடியாமல் வாசலில் அடுப்பை வைத்துக்கொண்டார்.

போய்ப் பேசியிருக்கிறார் அந்தோணிசாமி. லெட்சுமணன், "பழைய வீடு லா, அதுவா வெடிச்சிருக்கும்" என்று கதவைச் சாத்தினார். வழக்கு வந்தது. இன்ஜினியர் அறிக்கை, படம், அளவு என்று இரண்டு வருடம் ஓடிற்று. லாயர் பீஸுக்கும் இன்ஜினியர் பீஸுக்கும் வீட்டையே அடகு வைத்துக் கடன் வாங்கினார். அதை என்னிடம் சொன்னபோது முகத்தில் ஈ ஆடவில்லை. "அண்ணே, இந்தக் கேஸ் ஊத்திக்கிச்சுன்னா வீடு போச்சு. எனக்கு லெட்சுமணன் தலைய கொண்டாந்து குடுக்க வேணாம். சமையல்கட்டு நேரா நின்னாப் போதும்."

முப்பத்துநாலு வருடத்தில் புத்தியோடு பேசிய கட்சிக்காரர் என்றால் எனக்கு அவர்தான் ஞாபகம் வருகிறார்.

ஒரு திங்கட்கிழமை எதிர்த்தரப்பு லாயரிடமிருந்து ஆஃபர் வந்தது. நாற்பத்தைந்தாயிரம் வெள்ளி தருகிறோம், அவரவர் செலவு அவரவருக்கு, பதினான்கு நாளுக்குள் பதில் வேண்டும். முத்திரை குத்தினேன். பாஸ் அந்த வாரம் கோலாலம்பூரில் ஒரு நீண்ட வழக்கில் இருந்தார். போனில் சொன்னேன். "நல்ல ஆஃபர். எடுத்துக்கச் சொல்லு. எழுத்துல வாங்கி, ஒடனே பதில் போடு" என்றார். அந்தோணிசாமியைக் கூப்பிட்டு என் வாசகத்தைச் சொன்னேன். யோசிக்கிறேன் என்று போனார். பிலோமினா, கொஞ்சம் பொறுங்கள், கடனையும் சேர்த்துக் கேட்டுப் பார்க்கலாமே என்றாராம். ஒரு வாரத்துக்கு மேல் புருஷனும் பெண்டாட்டியும் அதையே பேசினார்கள்.

அடுத்த வாரம் புதன்கிழமை காலை இரண்டு பேரும் பெர்ரி ஏறி வந்தார்கள். பிலோமினாவால் மாடிப்படி ஏற முடியவில்லை, கீழே கடைவரிசை முன்னாலிருக்கிற ஐந்தடிப் பாதையில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். இவர் மேலே வந்தார். "சரிண்ணே. எடுத்துக்கலாம். எங்க கையெழுத்து போடணும்?" என்று சட்டைப் பையிலிருந்து சொந்தப் பேனாவையே எடுத்துவிட்டார்.

நான் திரும்பி நாட்காட்டியைப் பார்த்தேன். அஷ்டமி. மறுநாள் நவமி.

"இன்னிக்கி வேணாம் அந்தோணி. நாளைக்கும் வேணாம். வெள்ளிக்கெழம வாங்க, தசமி. ஜோரா முடிச்சிரலாம்."

"எனக்கு அதெல்லாம் இல்லண்ணே. நாங்க மாதா கோயில்ல பூசை கேக்குற ஆளுங்க."

"உங்களுக்கு இல்லாட்டியும் எனக்கு இருக்கு. இந்த ஃபைல் என் கையால போவுது. ரெண்டு வருசம் பொறுத்தீங்க, ரெண்டு நாள் பொறுக்க மாட்டீங்களா?"

"டைம் இருக்குங்களா?"

"தாராளமா. திங்கக்கெழம வரைக்கும் இருக்கு" என்று முத்திரையைக் காட்டினேன்.

பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். மாடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மனைவியின் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை சொன்ன நேரத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டார். நான் எதிர்த்தரப்புக்குப் பதில் அடித்து அனுப்பிவிட்டு, ஒரு மரியாதைக்குப் போனும் செய்தேன். அந்த ஆபீஸ் கிராணி, "என்ன மணி, கெடு நேத்தே முடிஞ்சிருச்சே" என்றாள்.

கடிதத்தை எடுத்தேன். என் முத்திரை திங்கள். கடிதத்தின் தேதியோ அதற்கு முந்தைய வியாழன். வாசகம் தெளிவாக இருந்தது: இக்கடிதத்தின் தேதியிலிருந்து பதினான்கு நாள். கெடு முடிந்தது நேற்று, வியாழன் மாலை.

பாஸ் கோலாலம்பூரிலிருந்தே அந்த லாயரோடு பேசிப் பார்த்தார். அவர் தன் கட்சிக்காரரைக் கேட்டார். லெட்சுமணன் சொன்ன பதில் அப்படியே எங்களுக்கு வந்து சேர்ந்தது: "பதினாலு நாள் போனைப் பக்கத்துலயே வெச்சு ஒக்காந்திருந்தேன். ஒரு வார்த்த இல்ல. அவ்ளோ திமிரா? இனிமே கோர்ட்டுலயே பாத்துக்கலாம்." இன்னொரு மானஸ்தன். ஒரு நாள் தாமதத்தை அவமானமாக்கி மாலையாகப் போட்டுக்கொண்டார்.

பாஸ் என்னைக் கேட்டார். "ஏன் மணி லேட்டு?"

"கிளையண்ட் நல்ல நாள் பாத்துதான் கையெழுத்து போடுவேன்னு சொல்லிட்டாரு பாஸ்."

அதையே ஃபைலிலும் குறிப்பாக எழுதி என் கையெழுத்தைப் போட்டேன். பாஸுக்குக் கட்சிக்காரர் என்றால் ஃபைல் எண். பேரைக் கொஞ்சம் நின்று பார்த்திருந்தால்கூட என்னைப் பிடித்திருக்கலாம். அவர் பார்க்கவில்லை. அந்தோணிசாமியிடம், "அவங்க மனசு மாறிட்டாங்க, ஆஃபரைத் திருப்பி வாங்கிட்டாங்க" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

தீர்ப்பு நாளன்று பட்டர்வொர்த் கோர்ட்டில் நான்தான் ஃபைலோடு பின்வரிசையில் இருந்தேன். லெட்சுமணன் மேல் தவறு, முப்பதாயிரம் கொடுக்க வேண்டும் என்றார் நீதிபதி. பழைய வீடு என்பதால் ஒரு பகுதியைக் கழித்திருந்தார். அந்தோணிசாமி மனைவியின் கையைப் பற்றினார். பிலோமினா சிலுவை போட்டுக்கொண்டார். "ஜெயிச்சிட்டோம்தானேண்ணே?" என்று அந்தோணிசாமி திரும்பி என்னைக் கேட்டார்.

அப்போது எதிர்த்தரப்பு லாயர் எழுந்து, செலவு பற்றி ஒரு வார்த்தை என்று பழுப்பு உறையை நீட்டினார். அவர்கள் ஃபைலின் பின்னட்டையிலும் அப்படித்தான் இருந்திருக்கும், முறையாக. நீதிபதி படித்தார். நாற்பத்தைந்து கொடுக்க வந்தவரிடம் வாங்காமல் முப்பது ஜெயித்திருக்கிறீர்கள், அந்தத் தேதியிலிருந்து எதிர்த்தரப்பின் செலவை நீங்கள்தான் தர வேண்டும் என்றார். எங்கள் பாஸ் எழுந்து, ஒரு நாள்தான் தாமதம், என் கட்சிக்காரர் நல்ல நாள் பார்த்தார் என்று சொன்னார். நீதிபதி சிரித்தார். கோர்ட்டில் இரண்டு மூன்று பேரும் சிரித்தார்கள். பேச்சு ஆங்கிலத்தில் நடந்ததால் எல்லாரும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அந்தோணிசாமிக்குப் புரியவில்லை. அவரும் மரியாதைக்குச் சிரித்து வைத்தார்.

முப்பதாயிரமும் எதிர்த்தரப்புச் செலவுக்கும் எங்கள் பீஸுக்கும் போயிற்று. கடன் அப்படியே நின்றது. எட்டு மாதத்தில் வீட்டை விற்றார். வாங்கியவன் ஒரு காண்ட்ராக்டர், வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டினான். மூன்று வருடம் சண்டை போட்ட சுவர் ஒரு காலைப்பொழுதில் போயிற்று. அந்தோணிசாமியும் பிலோமினாவும் நிபோங் திபாலில் மகள் வீட்டுப் பின்னறைக்குப் போனார்கள்.

கதை எங்கள் ஆபீஸில் தங்கிவிட்டது. யாராவது ஆஃபருக்கு முரண்டு பிடித்தால் பாஸ், "நல்ல நாள் பாத்த அந்தோணிசாமி கதைய மணி உங்களுக்குச் சொல்லுவான்" என்பார். நான் சொன்னேன். பத்து வருடம் சொன்னேன். குரலை மாற்றி, பேனாவை மூடுகிற மாதிரி கையைக் காட்டிச் சொன்னேன். கட்சிக்காரர்கள் சிரிப்பார்கள், சில பேர் கையெழுத்தும் போட்டார்கள். நான் இல்லாதபோது மற்றவர்கள் சொன்னார்கள். இந்தத் தொழிலில் நான் பார்த்த கேவலங்களில் இதற்கு மிஞ்சியது இல்லை.

முதலில் கவிதாவுக்கு அனுப்பிய நாலு பக்கத்தில் இதையெல்லாம் நான் எழுதவில்லை. வழக்கமான கதையைத்தான் எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துக் கவிதா மறுபடி போன் செய்தாள். பழைய ஃபைல்களை அழிக்கப் போகிறார்களாம், அதற்கு முன் அந்த ஃபைலை எடுத்துப் பார்த்திருக்கிறாள்.

"அங்கிள், ஒன்னு கேக்கலாமா? கிளையண்ட் கத்தோலிக்கர்தானே? முதல் பக்கத்துலயே போட்டிருக்கு. அவரு எதுக்கு அஷ்டமி நவமி பாத்தாரு?"

நான் போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"அப்புறம், லெட்டர் தேதி வேற, உங்க சாப்பு தேதி வேற..." என்று இழுத்தாள். பிறகு, "சரி அங்கிள், நீங்க ரெஸ்ட் எடுங்க" என்று போனை வைத்துவிட்டாள். நல்ல லாயராக வருவாள்.

மறுநாள் காலை பாலத்தைத் தாண்டி நிபோங் திபாலுக்குக் காரை ஓட்டினேன். அந்தோணிசாமி இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "அடடே, மணி அண்ணே! மறக்காம வந்திருக்கீங்களே" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மாலை போட்ட பிலோமினாவின் படம் சுவரில் இருந்தது. போய் நாலு வருடமாம், எனக்குத் தெரியாது.

உட்காராமலே சொன்னேன். தேதியை நான் தப்பாக எண்ணினேன், நாளை நான் பார்த்தேன், பழியை உங்கள் மேல் போட்டேன். மூன்று வாக்கியம்தான். அதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம்.

கையை ஓங்குவார், ஏசுவார் என்று நினைத்தேன். செய்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"அண்ணே, அன்னிக்கி புதங்கெழம நான் பேனாவ எடுத்துட்டேன்ல?"

"எடுத்துட்டீங்க."

"அன்னிக்கே போட்டிருந்தா கெடுக்குள்ளதானே?"

"கெடுக்குள்ளதான். ஒரு நாள் மிச்சம் இருந்துச்சு."

அவர் படத்தைப் பார்த்தார். "நீ பொறுங்க பொறுங்கன்னு இழுத்தடிச்சதாலதான் அவங்க மனசு மாறிட்டாங்க, உன்னாலதான் வீடு போச்சுன்னு அவள ஏசிட்டேன்ணே. ஒரு தடவ இல்ல. சமையல்கட்டுல அவ நிக்கும்போதெல்லாம் ஏசுனேன். சாவுற வரைக்கும் அவ, ஆமாங்க, நான்தான் தப்பு பண்ணிட்டேன்னே சொல்லிக்கிட்டிருந்தா."

ஊரில் இருக்கிற எல்லாருடைய மானத்தையும் நக்கலடித்தவன் நான். அழுதேன். அதைப் பார்க்க அவருக்கு விருப்பமில்லை என்பது தெரிந்தது.

உள்ளே போய் ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"எழுதிக் குடுங்க. இப்ப சொன்னத அப்படியே. தமிழ்ல. ஞாயித்துக்கெழம கல்லறைக்குப் போவேன், அவகிட்ட படிச்சிக் காட்டணும். எழுதிக் குடுத்துட்டுப் போயிருங்கண்ணே. இனிமே வராதீங்க."

எழுதினேன். கீழே பெயரெழுதிக் கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டேன். தலைக்கு மேலே மகள் மாட்டிய நாட்காட்டி ஒன்று தொங்கியது. அன்று என்ன திதி என்று நான் பார்க்கவில்லை.